சந்தேகத்தில் நாற்பத்தேழு வரிகள்

வடிதாள் என்கிற ஆசாமி கையில் கிடைத்தால் நாலாகக் கிழித்துப் போடுவேன் என்று அண்ணி சபதம் போட்டபோது, அந்த ஆசாமி மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து அவித்த உருளைக்கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் அவளைப் பூனை என்பார்கள். நடந்தால் சத்தம் கேட்காது. பேசினால் அதைவிடக் கேட்காது. வேதியியல் படித்துவிட்டுக் குடிநீரைச் சோதிக்கும் கூடம் ஒன்றில் வேலை பார்த்தாள். நீரை வடிகட்டும் தாளின் பெயரையே இணையத்தில் தனக்கு வைத்துக்கொண்டிருந்தாள். அது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

"அப்படி என்னதான் பண்ணிட்டான் அந்த வடிதாள்?" என்று கேட்டான் அண்ணன். குளிர்பதனப் பெட்டி பழுது பார்ப்பவன். எது கெட்டுப்போனாலும் திருகாணியைக் கழற்றிப் பார்த்துவிடலாம் என்று நம்புகிறவன்.

"நாற்பத்தேழு இடத்துல கை வெச்சிருக்கான். என் நூறு போச்சு."

"புரியற மாதிரி சொல்லு."

"நம்ம கம்ப்யூட்டர்ல ஃபைல் மேனேஜர் இருக்குல்ல? உலகம் முழுக்கப் பல பேர் சேர்ந்து சும்மா செஞ்சு குடுக்கறது. அதோட செட்டிங்ஸ்ல முந்நூத்திப் பத்து வரி. மொத்தத்தையும் தமிழ்ல எழுதினது நான். ரெண்டு வருஷம்."

"தெரியுமே. எத்தனை நாள் எனக்குச் சாப்பாடு போடாம எழுதின."

"நீங்க எனக்குப் போட்டிருக்கலாம்ல?"

அண்ணன் சட்டென்று உருளைக்கிழங்கில் அக்கறை காட்டினான்.

விஷயம் இதுதான். இடது பக்கம் ஆங்கில வரி, வலது பக்கம் அதன் தமிழ். இடது பக்கத்தில் ஒரு புள்ளி மாறினாலும் போதும், பொல்லாத அந்த இயந்திரம் வலது பக்கத் தமிழையும் சந்தேகப் பட்டியலில் சேர்த்துவிடும். மொழிக்குப் பொறுப்பானவர் பார்த்து 'சரி' என்று அழுத்துகிற வரை அந்த இடத்தில் ஆங்கிலம்தான் தெரியும். நூற்றுக்குத் தொண்ணூறு தேறாத மொழி, புதிய பதிப்பின் மொழிப் பட்டியலில் வராது. மூன்று வாரம் முன்பு தமிழ் நூறைத் தொட்டுப் பச்சைப் பட்டையாக நின்றது. அண்ணி அதைப் படம் பிடித்துக் கைப்பேசியின் முகப்பில் வைத்திருந்தாள். கல்யாணப் படத்தை எடுத்துவிட்டு வைத்ததில் அண்ணனுக்குக் கொஞ்சம் வருத்தம். இப்போது பட்டை எண்பத்தைந்தில் மஞ்சளாக நின்றது. கெடு சனிக்கிழமை மாலை ஆறு மணி. இன்று வியாழன்.

"சரி, அந்த நாற்பத்தேழையும் மறுபடி பார்த்துட வேண்டியதுதானே?"

"மாட்டேன். என்ன மாத்தியிருக்கான் தெரியுமா? மூணு புள்ளி இருந்த இடத்துல ஒட்டுன மூணு புள்ளி. நேர் மேற்கோளுக்கு வளைஞ்ச மேற்கோள். சின்னக் கோட்டுக்குப் பெரிய கோடு. இதுக்கெல்லாம் நான் உட்கார்ந்து ஒவ்வொண்ணா அழுத்தணுமா? அவனே திரும்ப எடுக்கட்டும். நீ என்ன சொல்ற பூனை?"

பூனை உருளைக்கிழங்கை விழுங்கினாள். 

"உப்பு கொஞ்சம் கம்மி அண்ணி" என்றாள்.

அவள் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. சோதனைக்கூடத்தில் முடிவுகளை அடுக்கி வைக்க அந்த ஃபைல் மேனேஜரைத்தான் பயன்படுத்தினாள். ஒருநாள் செட்டிங்ஸைத் திறந்தவளுக்கு உடம்பெல்லாம் அரித்தது. ஒரு வரியின் கடைசியில் மூன்று புள்ளிகள் தனித்தனியாகச் சிதறிக் கிடந்தன. அடுத்த வரியில் அதே மூன்றும் ஒன்றாகக் கை கோத்து நின்றன. மேற்கோள் குறிகள் ஆணி அடித்தது மாதிரி விறைத்திருந்தன. சிறுபடத்தின் அளவைச் சொல்லும் இடத்தில் பெருக்கல் குறிக்குப் பதிலாக எக்ஸ் என்கிற எழுத்து கூச்சமில்லாமல் உட்கார்ந்திருந்தது. பூனை மூன்று நாள் பொறுத்துப் பார்த்தாள். நான்காம் நாள் நாற்பத்தேழு வரிகளையும் ஆங்கிலத்தில் திருத்தி அனுப்பிவிட்டாள்.

அந்த மென்பொருளுக்குத் தலைவர் ஒருவர் உண்டு. ஆமை என்றுதான் எல்லாரும் அழைப்பார்கள். எதற்கும் மாதக்கணக்கில் பதில் போடமாட்டார். பூனையின் திருத்தத்தை மட்டும் பத்தே நிமிடத்தில் ஏற்றுக்கொண்டுவிட்டார். அன்று அவள் பேருந்தில் தனியாகச் சிரித்ததைப் பார்த்துப் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து வேறு இடம் போனார்.

மொழிபெயர்ப்புகள் சந்தேகத்துக்குள் விழும் என்பது அவள் மூளையில் உறைக்கவே இல்லை. தமிழுக்குப் பொறுப்பு அண்ணிதான் என்று நன்றாகத் தெரிந்தும் உறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வேலையிலிருந்து வந்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஆமைக்கு எழுதினாள்: என் திருத்தத்தைத் தயவுசெய்து திரும்பப் பெறுங்கள். பிறகு அண்ணிக்கும் எழுதினாள். இணையத்தில் அண்ணியின் பெயர் கடைசிவரி. எழுத்துப் பலகையின் கடைசி வரியைப் படிக்கச் சொல்லிக் கண்ணாடிக் கடையில் கண் சோதிக்கிறவளுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. ஆங்கிலத்தில்தான் எழுதினாள், தமிழில் எழுதினால் குட்டு உடைந்துவிடும்.

'வணக்கம் கடைசிவரி. உங்களுக்குத் தொல்லை கொடுத்ததற்கு மன்னிக்கவும். ஆனால் இப்போது படிக்கத் தெளிவாக இருக்கிறது என்று நினைக்கிறேன். வடிதாள்.'

அனுப்பிய அரை நிமிடத்தில் கூடத்தில் விசைப்பலகை அதிரத் தொடங்கியது. சுவர் வழியே ஒவ்வொரு அடியும் கேட்டது. பூனை காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

பதில் வந்தது. 'வணக்கம் வடிதாள். நாள் முழுக்க மனிதர்களின் கண்ணைச் சோதிப்பதுதான் என் தொழில். உங்கள் புள்ளிக்கும் பழைய புள்ளிக்கும் வித்தியாசம் காணக்கூடிய கண் இந்த உலகத்தில் இல்லை. இருந்தால் அழைத்து வாருங்கள், இலவசமாகச் சோதித்து அனுப்புகிறேன்.'

"போட்டேன் பாருங்க ஒரு போடு!" என்று கூடத்தில் அண்ணி சொன்னது கேட்டது. "இனி வாயைத் திறக்கட்டும்."

"பாவம், யாரு பெத்த பிள்ளையோ" என்றான் அண்ணன், அந்தப் பிள்ளையைப் பெற்றவர்களுக்கே தானும் பிறந்தவன் என்பது தெரியாமல்.

மற்ற மொழிக்காரர்கள் எல்லாரும் முணுமுணுத்துக்கொண்டே சரி சரி என்று அழுத்தி முடித்துவிட்டார்கள். தமிழ் ஒன்றுதான் மஞ்சளில் நின்றது. அண்ணி பிடித்தால் பிடித்த பிடி. ரெண்டு வருஷ உழைப்பு பட்டியலில் வராமலே போகும், அதற்குக் காரணம் தன் பத்து நிமிடச் சந்தோஷம். பூனை வெகுநேரம் அண்ணியின் பதிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருந்தால் அழைத்து வாருங்கள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவளுக்குப் பேசத்தான் வராது, சோதனை செய்ய வரும்.

சனிக்கிழமை மதியம் கண்ணாடிக் கடைக்குள் பூனை நுழைந்தபோது, ஒரு கையில் மடிக்கணினி, இன்னொரு கையில் சுருட்டிய தாள்கள். கடையில் ஒரே ஒரு லாரி ஓட்டுநர் மூக்கில் சட்டத்தை மாட்டிக் கண்ணாடியில் அழகு பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பூனை, கண் வலிக்குதா?"

"இல்ல அண்ணி. நீங்க ஒரு நிமிஷம் அந்த நாற்காலியில உட்காருங்க."

பூனை இதுவரை யாரையும் எதையும் செய்யச் சொன்னதில்லை. அந்த அதிர்ச்சியிலேயே அண்ணி உட்கார்ந்துவிட்டாள்.

பூனை எழுத்துப் பலகைக்கு மேல் இரண்டு தாள்களைப் பக்கம் பக்கமாக ஒட்டினாள். பெரிய எழுத்தில் தமிழ் வரிகள்.

"இது என் செட்டிங்ஸாச்சே!"

"இடதா, வலதா? எது தெளிவா இருக்கு?"

"ஏய், அது என் வசனம்."

"யோசிக்காதீங்க. கண்ணு என்ன சொல்லுதோ அதைச் சொல்லுங்க."

அதுவும் அண்ணியின் வசனம்தான். நாளைக்கு முப்பது பேரிடம் சொல்வது. சொல்லிச் சொல்லிப் பழகியவளுக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "வலது."

பூனை தாளை மாற்றினாள். "இப்போ?"

"இடது. இந்தப் பக்கம் ஏதோ உறுத்துது."

எட்டு ஜோடிகள். எந்தப் பக்கம் எது என்பதைப் பூனை நாணயத்தைச் சுண்டி முடிவு செய்திருந்தாள், அறிவியல் படித்தவளாயிற்றே. ஒவ்வொரு பதிலையும் துண்டுச்சீட்டில் குறித்துக்கொண்டாள். முடிந்ததும் சீட்டை அண்ணியிடம் நீட்டினாள்.

"எட்டுல ஏழு, வடிதாளோட வரி."

அண்ணி எழுந்து சுவரருகே போனாள். மூக்கு இடிக்கிற தூரத்தில் நின்று பார்த்தாள். எக்ஸ் இருந்த இடத்தில் குட்டிப் பெருக்கல் குறி. விறைத்த ஆணிகள் இருந்த இடத்தில் சொல்லை அணைத்துப் பிடிக்கிற மேற்கோள்கள். 

"அந்த ஆளு இங்கிலீஷைத்தானே மாத்தினான். தமிழ்ல இதை யாரு செஞ்சது?"

இதற்கு மேல் உருளைக்கிழங்கு எதுவும் கைவசம் இல்லை.

"நான்தான் அண்ணி. இதுவும் நான்தான். அதுவும் நான்தான்." மடிக்கணினியைத் திறந்து வைத்தாள். "உங்களுக்குச் சந்தேகம் விழும்னு தோணவே இல்ல. நாற்பத்தேழையும் தமிழ்ல சரி பண்ணிக் கொண்டு வந்திருக்கேன். நீங்க அழுத்தினா போதும்."

அண்ணி அவளை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள்.

"அடிப்பாவி. ரெண்டு நாளா எதிர்ல உட்கார்ந்து உப்பு கம்மின்னு சொல்லிட்டிருந்தியே."

"உப்பு நிஜமாவே கம்மி."

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க இருமினாள், இருமலும் சிரிப்பாகவே வந்தது.

அதற்குள் நாற்காலி காலி என்று லாரி ஓட்டுநர் ஏறி உட்கார்ந்திருந்தார். சுவரில் இருப்பது புதுமாதிரி எழுத்துப் பலகை என்று நினைத்து ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு கணீரென்று வாசித்தார். "மறைந்த கோப்புகளைக் காட்டு. “குப்பை”யைக் காலி செய்யும் முன் கேள். ஏம்மா, லாரி ஓட்டறதுக்கு இதெல்லாமா தெரிஞ்சிருக்கணும்?"

"படிங்க, படிங்க" என்றாள் அண்ணி.

"கோப்புகளை கோப்புகளை ஒரே சொடுக்கில் திற. எனக்கு ரெண்டு ரெண்டா தெரியுதும்மா!"

அண்ணி திரும்பிப் பார்த்தாள். ரெண்டு ரெண்டாகத்தான் இருந்தது. நூறு சதவீதப் பச்சையிலும் அப்படியேதான் இருந்திருக்கிறது.

"உங்க கண்ணு அருமையான கண்ணுய்யா" என்றாள் ஈனக் குரலில். பூனை கூரையைப் பார்த்தாள். "சிரிச்ச, கொன்னுடுவேன்."

அண்ணி மடிக்கணினி முன் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக அழுத்தத் தொடங்கினாள். வாடிக்கையாளர் வந்தால் எழுந்து போவாள், அவர் போனதும் ஓடி வந்து உட்காருவாள். பூனை எழுதியதை அப்படியே விழுங்கவும் இல்லை. "இந்தக் கோட்டுக்கு ரெண்டு பக்கமும் எதுக்கு இவ்ளோ இடம்? ஒரு லாரி போகும்" என்று ஐந்து இடத்தில் திருத்தினாள். எண்பத்தெட்டு. தொண்ணூற்று நான்கு. ஐந்தரை மணிக்குப் பட்டை பச்சையானது, இரட்டைக் கோப்புகளில் ஒன்று குறைந்து.

அண்ணி கைப்பேசியைத் தூக்கிப் படம் எடுக்கப் போனபோது, கணினியில் ஒரு செய்தி குதித்தது. ஆமை.

'வடிதாள் நேற்றுக் கேட்டுக்கொண்டபடி திருத்தத்தைத் திரும்பப் பெறுகிறேன். ஆறு மணிக்குள் பழையபடி ஆகிவிடும். தாமதத்துக்கு மன்னிக்கவும்.'

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பழையபடி ஆனால் இடது பக்கம் மறுபடி மாறும். நாற்பத்தேழும் மறுபடி சந்தேகத்துக்குள் போகும். எல்லா மொழிகளுக்கும்.

"வேண்டாதப்போதான் சீக்கிரம் வருவான் பாரு!" என்று அண்ணி அலறினாள். "எழுது! நீதானே கேட்ட, நீயே எழுது!"

இரண்டு வரி எழுத ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்கிறவள் பூனை. வணக்கத்தோடு தொடங்கினாள், அழித்தாள். தயவுசெய்து என்று தொடங்கினாள், அதையும் அழித்தாள். பிறகு ஒரே சொல்லை அடித்தாள். 'வேண்டாம்!' வாழ்க்கையில் அவள் போட்ட முதல் ஆச்சரியக்குறி அது.

அண்ணி அவளைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு அதன் கீழே சேர்த்தாள். 'வடிதாள் சொல்வதே சரி. நானே என் கண்ணால் சோதித்துவிட்டேன். கடைசிவரி.'

ஐந்து ஐம்பது. ஐந்து ஐம்பத்தைந்து. ஓட்டுநரும் புதுக் கண்ணாடியோடு பின்னால் நின்று திரையைப் பார்த்தார், எதற்கென்று தெரியாமலே. ஐந்து ஐம்பத்தெட்டுக்கு ஆமை வாய் திறந்தார்.

'சரி.'

ஆறு மணிக்கு மொழிப் பட்டியல் வந்தது. தமிழ் இருந்தது.

வீடு திரும்பியதும் அண்ணன் கேட்டான். "என்னாச்சு உன் வடிதாள்? கையில கெடைச்சானா?"

"கெடைச்சான் இல்ல, கெடைச்சா. கிழிக்கலாம்னுதான் பார்த்தேன். சரி, பாத்திரம் தேய்க்க ஆகும்னு விட்டு வெச்சிருக்கேன்."

அண்ணன் விழித்தான். பூனை சத்தமில்லாமல் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்தாள். கை ஈரத்தைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தபோது கைப்பேசியில் ஒரு செய்தி இருந்தது. கடைசிவரி, வடிதாளுக்கு.

'சாப்பிட வா...'

பூனை திரையைக் கண்ணருகே கொண்டுபோனாள். மூன்று புள்ளிகள். தனித்தனியாக, ஒவ்வொன்றாகக் குத்தி வைத்த மூன்று புள்ளிகள். உடம்பெல்லாம் அரித்தது. மேசைப் பக்கமிருந்து அடக்க முடியாமல் யாரோ இருமுவது கேட்டது.

"வரேன் அண்ணி!" என்றாள் பூனை, கூடம் வரை கேட்கும்படி.