யாரும் பார்க்காத படம்

குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் எட்டுப் பேர் வேலை பார்த்தார்கள். ஏழு பேர் பேசுவார்கள். எட்டாவது ஆள் சின்னவள். வேதியியல் படித்துவிட்டு அங்கே வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. பியூரெட் என்ற கண்ணாடிக் குழாயிலிருந்து திரவம் சொட்டுச் சொட்டாக விழுவது போல ஒவ்வொரு சொல்லாகத்தான் விடுவாள் என்று அவளுக்குச் சொட்டு என்று பெயர் வைத்திருந்தார்கள். வீட்டில் பிறந்ததிலிருந்தே சின்னவள்தான்.

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. சிறந்த படத்துக்கான விருதுப் பரிந்துரைப் பட்டியல் வருடா வருடம் வெளியாகும் அல்லவா, அதற்கு மறுநாள் காலையில் தலைமை ஆய்வாளர் அம்மா பத்துப் படங்களின் பெயரையும் ஒரு தாளில் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிடுவார். ஆறு வாரத்துக்குள் எல்லாரும் பார்த்துவிட்டு ஒன்று முதல் பத்து வரை வரிசை போட வேண்டும். கடைசி வரியில் அவரவர் ஆயுளில் மிகப் பிடித்த படம் ஒன்றை எழுதலாம்.

தண்ணீரைச் சோதிக்கிறவர்கள் சினிமாவையும் சும்மா விட மாட்டார்கள். தினமும் வருகிற மாதிரிப் புட்டிகளோடு சுத்த நீர் அடைத்த புட்டி ஒன்றையும் வேறு எண் போட்டு நுழைத்துவிடுவது அங்கே முறை. அதற்குப் பெயர் ப்ளாங்க். அதில் ஏதாவது அழுக்கு தெரிந்தால் கை சுத்தமில்லாத ஆள் யாரோ இருக்கிறார் என்று அர்த்தம். அதே புத்தியில் தலைமை அம்மா படப் பட்டியலிலும் ஒரு பொய்ப் பெயரைச் செருகிவிடுவார். பட்டியலில் எப்போதும் பதினோரு பெயர் இருக்கும். எது பொய் என்று கண்டுபிடித்து அதை விட்டுவிட வேண்டும். பார்க்காமலே வரிசை போடுகிறவர் அதில் மாட்டிக்கொள்வார். மாட்டியவர் ஒரு வாரம் எல்லாருடைய கண்ணாடிக் குடுவைகளையும் கழுவ வேண்டும். போன வருடம், கிருமிப் பிரிவில் இருக்கிற பூச்சி அண்ணன் பொய்ப் படத்துக்கு மூன்றாம் இடம் கொடுத்து, பக்கத்தில் ‘இசை அருமை’ என்றும் எழுதியிருந்தார்.

சின்னவள் பத்துப் படங்களையும் கண்ணும் கருத்துமாகப் பார்ப்பாள். ஒழுங்காக வரிசை போடுவாள். ஆனால் அந்தக் கடைசி வரியை மூன்று வருடமும் வெறுமையாக விட்டிருந்தாள். பிடித்த படம் இல்லாமல் அல்ல. இருந்தது. ஆனால் அதை அவள் பார்த்ததில்லை.

அது அக்கா சொன்ன படம்.

அப்போது சின்னவளுக்குப் பத்து வயது, அக்காவுக்குப் பதினெட்டு. அம்மா வீட்டை விட்டுப் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. ஏன் போனாள் என்பதைப் பெரியவர்கள் கண்ணாலேயே பேசிக்கொண்டார்கள். அப்பா, “அந்தப் பேச்சு இந்த வீட்டில கூடாது” என்று ஒரே தடவை சொன்னார். கிணற்றில் போட்ட கல் மாதிரி ஆகிவிட்டது அது. சின்னவளுக்குப் பதினோரு வயதில் அம்மா இறந்துபோனாள் என்ற செய்தியும் ஒரு மாதம் கழித்துத்தான் அவளிடம் வந்தது. அம்மாவின் முகம் என்று அவள் மனதில் எதுவும் தங்கவில்லை. ஒரு நீலச் சேலையின் ஓரம் மட்டும் இருந்தது. அதுகூட வேறு யாருடையதோ.

அக்காவின் கல்லூரியில் ஒரு திரைப்படக் கழகம். அந்த வருடம் பரிந்துரையில் இருந்த படங்களையும் வேறு சில படங்களையும் சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குப் போடுவார்கள். மாணவர் அட்டை இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். அதனால் அக்கா பார்த்துவிட்டு வந்து சொல்வாள். அப்பாவுக்கு அச்சகத்தில் இரவு வேலை; பகலில் தூங்குவார். சத்தம் கேட்கக் கூடாது என்று இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் படி திரும்புகிற இடத்தில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். மேல்வீட்டுக்காரர் இறங்கி வந்தால் காலை மடக்கி வழிவிடுவார்கள். அக்கா கிசுகிசுத்த குரலிலேயே துப்பாக்கி சுடுவாள், ரயில் விடுவாள், வில்லன் சிரிப்புச் சிரிப்பாள். இப்போது பெரிய திரையில் என்ன படம் பார்த்தாலும் சின்னவளுக்கு ஒலி கொஞ்சம் அதிகம் என்றே படும்.

சொல்லி முடித்ததும் வரிசை. விடைத்தாளின் பின்பக்கத்தில் சின்னவள் எழுதுவாள். அடித்து அடித்துத் திருத்துவாள். அந்தப் பருவத்தில் மொத்தம் பதினோரு படம். முதல் இடத்துக்கு வந்தது ‘ஒற்றை நாற்காலி’. வந்த நாளிலிருந்து அதை யாரும் அசைக்கவில்லை.

கைக்கடிகாரம் பழுது பார்க்கிற கடைக்கு மேலே ஓர் அறை. அங்கே ஒரு பெண் தனியாக இருக்கிறாள். கீழே நூறு கடிகாரம், ஒவ்வொன்றும் ஒரு நேரம். “எனக்கு மட்டும் ஒரு நாளைக்கு நாற்பது தடவை பன்னிரண்டு அடிக்கும்” என்று அவள் சிரிப்பாள். அறையில் ஒரே ஒரு நாற்காலி. அவளைப் பார்க்க ஒரு கல்லூரிப் பெண் வருகிறாள். வந்தவளை உட்கார வைத்துவிட்டு அந்தப் பெண் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டே பேசுகிறாள், நின்றுகொண்டே சாப்பிடுகிறாள். யாரோ ஒரு குழந்தையைப் பற்றியே திரும்பத் திரும்பக் கேட்கிறாள். வந்தவள் படியிறங்கிப் போன பிறகு நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, படத்தில் முதல் தடவையாக உட்காருகிறாள். அவ்வளவுதான் கதை.

“அந்தக் குழந்தையைக் காட்டவே இல்லையா?” என்று சின்னவள் அப்போது கேட்டாள்.

“இல்ல.”

“அதுக்கு அரை மதிப்பெண் குறைக்கிறேன்.”

குறைத்தும் முதல் இடம்தான்.

பெரியவளானதும் அதைத் தேடினாள். வட்டுக் கடைகளில் தேடினாள், இணையத்தில் எத்தனையோ பெயர்களில் தேடினாள். எங்கும் இல்லை. பழைய படம், வேறு மொழியில் வேறு பெயராக இருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். நாற்காலியை இழுக்கிற அந்தக் காட்சியைக் கண்ணால் பார்க்க வேண்டும். வேறு பெரிய ஆசை எதுவும் அவளுக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

இந்த வருடம் புட்டி சேகரிக்கிற வண்டியின் ஓட்டுநர் வாயை விட்டார். “பேரைச் சொல்லுங்க, பாதாளத்துல இருந்தாலும் படத்தை எடுத்துட்டு வரேன். எல்லாத்தையும் ரெட்டை வேகத்துல பாத்துட்டேன், இனி புதுசா எதுவும் இல்ல.”

அன்று மாலை எல்லாரும் போன பிறகு சின்னவள் குளிர்பெட்டி முன்னால் நின்று, கதவில் ஒட்டியிருந்த தன் தாளின் கடைசி வரியில் இடது கையால் எழுதினாள்: ஒற்றை நாற்காலி.

மறுநாள் அதன் பக்கத்தில் பச்சை மையில் ஒரு குறிப்பு. ‘நானும் பாத்திருக்கேன். கடைசி சீன் சூப்பர்.’ பூச்சி அண்ணனின் கையெழுத்து.

சின்னவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. நேரே கிருமிப் பிரிவுக்குப் போனாள்.

“அண்ணே.”

“ஆகா, சொட்டு வாயைத் திறந்துடுச்சு! சொல்லும்மா.”

“அந்தப் படம்... எங்க பாத்தீங்க?”

“எதும்மா? ஓ, அதா. டிவில போட்டான். ரொம்ப நாள் முன்னாடி.”

“கடைசில அந்தம்மா என்ன பண்ணுவாங்க?”

பூச்சி அண்ணன் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே, “அழுவாங்க இல்ல?” என்றார்.

அவள் அழ மாட்டாள். அதுதானே அந்தப் படம். சின்னவள் தன் மேசைக்குத் திரும்பினாள்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு வேளையில் தாள்களைப் பிரித்தார்கள். ஓட்டுநர் முதலில் கையைத் தூக்கினார்.

“அம்மா, தோத்துட்டேன். மூணு நாளா தேடினேன். ஒற்றை நாற்காலின்னு ஒரு படம் உலகத்துல எந்த மொழிலயும் கிடையாது. பேரை எத்தனையோ விதமா மாத்திப் போட்டும் தேடியாச்சு.”

தலைமை அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சின்னவளைப் பார்த்தார். பிறகு மேசையைத் தட்டிச் சிரித்தார்.

“அடிப்பாவி! எனக்கே ப்ளாங்க் வச்சியா? ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க! டேய் பூச்சி, என்னமோ பச்சை மையில எழுதியிருக்கியே, படி பாப்போம்.”

கூடமே அதிர்ந்தது. ஓட்டுநர் விசில் அடித்தார். “கடைசி சீன் சூப்பராம்! போங்க அண்ணே, குடுவை காத்திருக்கு.”

“இது அநியாயம், இவ சத்தியமா வந்து கேட்டா—” என்று பூச்சி அண்ணன் கத்தினார். “முகத்தை அப்படியே பால் மாதிரி வச்சுக்கிட்டு கேட்டாம்மா!”

எல்லாரும் கை தட்டினார்கள். மூன்று வருடத்தில் அவளுக்காக அங்கே கை தட்டியது அதுதான் முதல் தடவை. சின்னவள் சிரித்து வைத்தாள். கையில் இருந்த கரண்டியைக் கீழே வைக்க வேண்டும் என்பதுகூடத் தோன்றவில்லை.

மாலையில் வீட்டுக்குப் போகாமல் அக்காவின் மருந்துக்கடைக்குப் போனாள். அக்கா முக்காலியில் உட்கார்ந்து, அட்டையிலிருந்து மாத்திரைகளை நான்கு நான்காகக் கத்தரித்துக்கொண்டிருந்தாள்.

“என்னடி, சனிக்கிழமைதானே வருவே?”

“ஒற்றை நாற்காலின்னு படமே கிடையாதாம்.”

கத்தரிக்கோல் நின்றது. அட்டையில் பாதி வெட்டோடு நின்றது.

“யார் சொன்னா?”

“யார் சொன்னா என்னக்கா. நீ சொல்லு.”

அக்கா எழுந்து போய்க் கதவை இழுத்துப் பாதி இறக்கினாள். திரும்பி வந்தபோது பழைய கிசுகிசுப்புக் குரல் வந்திருந்தது.

“அன்னைக்கு நான் படத்துக்குப் போகல. அம்மாவைப் பாக்கப் போனேன். இதே ஊர்லதான் இருந்தா. பஸ்ஸுல முக்கால் மணி நேரம். வாட்ச் ரிப்பேர் கடை மாடி.”

சின்னவள் தோள்பையைக் கழற்றிக் கவுன்ட்டர் மேல் வைத்தாள்.

“வீட்டுக்கு வந்தா நீ படிக்கட்டுல தாளும் பென்சிலுமா உக்காந்திருக்கே. என்ன படம்க்கா, என்ன படம்க்கான்னு. வாய்ல வேற எதுவும் வரல. பாத்ததை, கீழ தெருவுல நின்னு ஜன்னல்ல பாத்த கடைசியையும் சேத்து, அப்படியே சொல்லிட்டேன். அப்பாகிட்ட சத்தியம் பண்ணியிருந்தேன், உன்கிட்ட அம்மா பேச்சே எடுக்க மாட்டேன்னு. சத்தியத்தை மீறாமலே சொன்ன மாதிரி இருந்துச்சு.”

“அந்தக் குழந்தை?”

“அதையும் கேக்கறியா?” அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. “இன்னும் இடது கையிலதான் எழுதுறாளா, டீச்சர் அடிக்கிறாங்களா, தூக்கத்துல பல்லைக் கடிக்கிறாளா. இதே கேள்வி, அரை மணி நேரம். அதையெல்லாம் சொன்னா நீ கண்டுபிடிச்சுடுவேன்னு குழந்தையை மட்டும் காட்டாம விட்டுட்டேன். நீ அதுக்கு அரை மதிப்பெண் குறைச்சே.”

“அப்பா இறந்து ஆறு வருஷம் ஆச்சே. அப்புறமாவது சொல்லியிருக்கலாமே.”

“எப்படிடி? வருஷா வருஷம் போன் பண்ணி, என்ன படம் வந்தாலும் நாற்காலிக்கு அடுத்துதான்னு சொல்லுவே. அந்தப் படம் இல்லன்னு சொல்லி உன் கையில இருந்து பிடுங்கவா?”

அந்தப் பருவத்தின் பதினோரு படங்களும் சின்னவளுக்கு மனப்பாடம். ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

“கப்பல் படம்?”

“நிஜம். ஆனா பாதியில எழுந்து அம்மாகிட்ட போயிட்டேன். முடிவு நானா வச்சது.”

“அப்போ அந்தக் கேப்டன் சாகலையா?”

“யாருக்குத் தெரியும்? இருக்கானோ என்னமோ.”

“வக்கீல் படம்?”

“அதுவும் பாதிதான்.”

“அந்தக் கொலையை அவன் பண்ணலன்னு நீ சொன்னியே!”

“நல்லவன் மாதிரி இருந்தான். விட்டுட்டேன்.”

இருவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. குதிரைப் படம் முழுக்க நிஜம். அதுதான் கடைசி இடம். அதற்கு ஒரு படி மேலே, பத்தாவது இடத்தில், ‘பச்சைத் திரைச்சீலை’ என்று ஒன்று. சின்னவள் அதன் பெயரைச் சொன்னதும் அக்காவின் சிரிப்பு அறுந்தது.

சின்னவள் அப்போது எழுதியிருந்த காரணமும் நினைவுக்கு வந்தது. ‘ஒரு அம்மா படம் முழுக்கப் படுத்தே கிடக்கிறாள். கதை இல்லை. ரொம்ப போர்.’

“ஆஸ்பத்திரியா?” என்றாள்.

அக்கா தலையை ஆட்டினாள்.

“பத்தாவதா போட்டேனே.”

“குதிரைக்கு மேலதான் போட்டே,” என்றாள் அக்கா. “அந்த மட்டும் பரவாயில்லன்னு நினைச்சுக்கிட்டேன்.”

சின்னவள் கவுன்ட்டருக்கு உள்பக்கம் போய் மருந்துப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அக்காவின் எதிரே உட்கார்ந்தாள்.

“அதைச் சொல்லு.”

“அன்னைக்கு நான் சரியா சொல்லலடி. பாதியை முழுங்கிட்டேன். அஞ்சு நிமிஷத்துல முடிச்சுட்டேன்.”

“இப்ப முழுசா சொல்லு.”

பாதி இறங்கிய கதவுக்குக் கீழே இரண்டு செருப்புக் கால்கள் வந்து நின்றன. “ஆள் இருக்கீங்களா? இருமல் மருந்து ஒண்ணு வேணும்” என்று ஒரு குரல். அக்கா பழக்கத்தில் எழப் போனாள். சின்னவள் அவள் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

“அரை மணி நேரம் கழிச்சு வாங்க சார். இப்ப முடியாது.”

கால்கள் தயங்கிப் போயின. அக்கா தங்கையை ஏற இறங்கப் பார்த்தாள். கத்தரிக்கோலை மேசை மேல் வைத்தாள்.

“பஸ் வரல,” என்று ஆரம்பித்தாள். “நடந்தே போனேன். நான் போறப்ப அவ தூங்கிட்டிருந்தா. நர்ஸ் வந்து, நீங்கதான் சின்னவளான்னு என்னைக் கேட்டாங்க...”