ஒரு சாண் மஞ்சள் நூல்

குறை கண்டுபிடிப்பதற்காகச் சம்பளம் வாங்குகிறவன் நான். அடையாறில் ஒரு தனியார் துணிச் சோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். குடை, கூடாரம், லாரி மூடும் தார்ப்பாய், பள்ளிக்கூடப் பை என்று எது வந்தாலும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பேன். இழுவை மெஷினில் மாட்டி இழுப்பேன். எத்தனை கிலோவில் கிழிந்தது என்று எழுதி, வேம்பு என்று கையெழுத்துப் போடுவேன். முட்டையில் மயிர் பிடுங்குகிறவன் என்று வியாபாரிகள் என் முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். மனைவி ஹம்சா முகத்துக்கு நேராகவே சொல்வாள்.

"ஆத்துல பண்ற ரசத்துக்கும் ஒரு ரிப்போர்ட் எழுதி ஒட்டிடுங்கோ. புளி எத்தனை கிலோவுல கிழிஞ்சதுன்னு தெரிஞ்சுக்கறேன்."

இப்படிப்பட்டவனிடம் 1999 ஜூன் மாதம் ஒரு பட்டம் வந்தது.

பட்டம் என்றால் மொட்டை மாடியில் விடுகிற காகிதப் பட்டம் இல்லை. விரித்துப் போட்டால் எங்கள் கூடத்தின் வராந்தாவையே அடைத்துக்கொள்ளும். முன் விளிம்பில் தொடைப் பருமனுக்கு ஒரு குழாய், அதில் பம்ப் வைத்துக் காற்றடிக்க வேண்டும். அதிலிருந்து விலா எலும்பு போல ஐந்து சின்னக் குழாய்கள். இவற்றை மூடிக் கட்டம் போட்ட மெல்லிய நைலான். இந்தப் பட்டத்தின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, காலில் ஒரு பலகையை மாட்டிக்கொண்டு, கடல் மேல் சறுக்கிக்கொண்டே போவார்களாம். கேட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது.

கொண்டுவந்தவன் லூக். பிரெஞ்சுக்காரன், வயது முப்பதுக்குள். கொட்டிவாக்கத்தில் வீடு எடுத்துத் தங்கியிருந்தான். தன் ஊரிலிருந்து கொண்டுவந்த பட்டத்தை மாதிரியாகக் கொடுத்து, துணியும் நூலும் அளவும் கொடுத்து, பெருங்குடியில் ஷாஹுல் ஹமீது என்பவரின் குடைப் பட்டறையில் அதேபோல் ஒன்று தைத்து வாங்கியிருந்தான். தைத்தது தேவானை என்ற தையல்காரர். எங்கள் கூடத்தின் சான்று கிடைத்தால்தான் மேற்கொண்டு ஆர்டர் என்று சொல்லி, மாதிரிப் பட்டத்தையும் கூடவே என்னிடம் வைத்துவிட்டுப் போனான் லூக்.

ஷாஹுல் ஹமீது போன் செய்தார். "சார், இது தேறிடுச்சுன்னா தனி ஷெட்டு, எட்டு மெஷின், எல்லாம் தேவானை பொறுப்புல விட்டுடுவேன். தேறலேன்னா அது மறுபடியும் குடையும் ஆட்டோவுக்கு டாப்பும் தைக்க வேண்டியதுதான். பதினாறு வருஷமா அதைத்தான் தைக்குது. கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க."

இந்தக் 'கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க' எனக்கு ஆகாது. அதைக் கேட்டாலே பூதக்கண்ணாடியை இன்னொரு தரம் துடைத்துக்கொள்வேன். அன்றைக்கும் துடைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன்.

நாற்பது இடங்களில் தையலை எண்ணினேன். அங்குலத்துக்கு எட்டு என்று அளவில் போட்டிருந்தது. நாற்பது இடத்திலும் எட்டு. ஏழரை இல்லை, எட்டேகால் இல்லை. வளைவில் துணி சுருங்கும், எந்தத் தையல்காரரும் அங்கே மாட்டிக்கொள்வார் என்று ஆசையோடு வளைவுக்குப் போனேன். ஒரு சுருக்கம் கிடையாது. வெள்ளிக்கிழமை காற்றடித்து வராந்தாவில் விட்டுவிட்டுப் போய், திங்கட்கிழமை வந்து தட்டிப் பார்த்தேன். தர்பூசணி மாதிரி சத்தம் கொடுத்தது. உள்ளே இருக்கும் ரப்பர் பை பிரான்சிலிருந்து வந்ததுதான். ஆனால் அதை இறுக்கிப் பிடித்திருந்த உறையில் ஒரு தையல்கூட இளகவில்லை.

கடைசியில் ஒன்று அகப்பட்டது. கயிறு கட்டும் மூலையில் ஐந்து அடுக்குத் துணி வைத்துத் தைக்க வேண்டும். மாதிரியில் ஐந்தும் ஒரே கோட்டில் முடிகின்றன. இதில் ஒவ்வோர் அடுக்கும் கீழுள்ளதைவிட ஒரு விரல் குட்டையாக, படிக்கட்டு போல இறங்கியது. அளவுக்கு மாறாகத் தைத்திருக்கிறார். எனக்கு ஒரே சந்தோஷம். உடனே ஆள் அனுப்பி வரச் சொன்னேன்.

தேவானை மறுநாள் காலை வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் அளவு டேப்பை மாலையாகப் போட்டுக்கொண்டே பஸ் ஏறி வந்திருந்தார்.

"இது ஏம்மா படிபடியா இருக்கு? அளவுல அப்படி இல்லையே."

"ஒரே எடத்துல முடிச்சா அங்கயே கிழியும் சார். இழுப்பு முச்சூடும் அந்த ஒரு கோட்டு மேல வுழுதில்ல? வெள்ளக்காரரு பட்டம் அங்கதான் கிழிஞ்சிகீது, நீங்களே பாருங்க. கொடையில கம்பி குத்துற எடத்துக்கு நாங்க இப்டித்தான் வெப்போம்."

மாதிரியை எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்ன கோட்டிலேயே நகம் நீளத்துக்குக் கிழிசல். இரண்டு நாளாக அதே மூலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், என் கண்ணில் படவில்லை. நோட்டில் 'அளவுக்கு மாறு' என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, 'அளவைவிட மேல்' என்று எழுதினேன். அந்த வார்த்தையை அந்த நோட்டில் அதுவரை நான் எழுதியதில்லை.

புதன்கிழமை பகல் ஒரு மணிக்குக் கொட்டிவாக்கம் கடற்கரையில் பறக்கவிட்டுப் பார்த்தோம். காலையில் கரையிலிருந்து கடலுக்குப் போகும் காற்று அந்த நேரத்துக்குத்தான் திரும்பும். தேவானையும் வந்திருந்தார். தான் தைத்தது பறப்பதைப் பார்க்க வேண்டும் என்று அரை நாள் லீவு போட்டிருந்தார். பட்டத்தின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு அவர் நிற்க, லூக் கயிற்றின் மறுமுனையில் முழங்கால் தண்ணீரில் நின்று கையை ஆட்டினான். தேவானை விட்டார்.

அது எழும்பினதை எப்படிச் சொல்வது? ஒரு உதறல் இல்லை, ஒரு தடுமாற்றம் இல்லை. விட்ட கையிலிருந்து நேராக மேலே போய், உச்சியில் நின்று, அடுத்து என்ன என்று கேட்கிற மாதிரி இருந்தது. லூக் கைப்பிடியைக் கொஞ்சம் சாய்த்தால் அதுவும் சாய்ந்தது. நிறைய சாய்த்தால் நீருக்கு ஒரு முழம் மேலே வரை பாய்ந்து வந்து, திரும்பவும் ஏறியது. பலகையின் மேல் அவன் எழுந்து நின்றதும், திருவான்மியூர் பக்கமாக ஒரே கோடு போட்டுக்கொண்டு போனான். நடுவில் வேண்டுமென்றே பட்டத்தைத் தண்ணீரில் போட்டான். காற்றடைத்த குழாய் மிதந்தது. ஒரு கயிற்றை மட்டும் இழுத்தான். பட்டம் தண்ணீரை உதறிக்கொண்டு எழுந்து மறுபடி உச்சிக்குப் போனது. கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

நான் கையில் நோட்டை வைத்துக்கொண்டு ஒன்றும் எழுதாமல் நின்றேன். கண் கலங்கிவிட்டது. உப்புக் காற்று என்று சொல்லித் தப்பிக்கலாம், ஆனால் அது பொய். இவ்வளவு ஒழுங்காகச் செய்யப்பட்ட ஒரு பொருளை நான் பார்த்ததே இல்லை.

அப்போதுதான் லூக் குதித்தான். பட்டம் அவனை அப்படியே நீரிலிருந்து தூக்கியது. ஒரு மாடி உயரம் இருக்கும். அந்தரத்தில் தொங்கினான், மெதுவாக இறங்கினான், சிரித்தான். திரும்பவும் குதித்தான்.

"பார்த்தியாம்மா" என்று பக்கத்தில் திரும்பினேன். தேவானை முகத்தில் ரத்தமே இல்லை.

"ஆளத் தூக்குதே சார்" என்றார்.

"ஆமாம், அதுக்குத்தானே."

ஒவ்வொரு தடவை லூக் மேலே போகும்போதும் அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். பழக்கமில்லாதவர், பயப்படுகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் கடைசிச் சோதனை. எங்கள் விதிப்படி மூன்று இடங்களில் தையலோடு துணியை வெட்டியெடுத்து, மெஷினில் மாட்டிக் கிழிகிற வரை இழுக்க வேண்டும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். எந்த மூன்று இடம் என்பது என் இஷ்டம். இருபத்திரண்டு வருஷமாக, இருப்பதிலேயே சந்தேகமான இடத்தைத்தான் தேடி வெட்டியிருக்கிறேன். அன்றைக்கு ஓர் ஓரமாக, வெட்டினாலும் ஒட்டுப் போட்டுச் சரிசெய்துவிடக் கூடிய மூன்று இடங்களைச் சாக்பீஸால் குறித்து வைத்தேன். எனக்கு அந்தப் பட்டத்தின் மேல் ஆசை வந்துவிட்டது. அதுதான் உண்மை.

கத்திரிக்கோலை எடுத்தபோது தேவானை வாசலில் நின்றார். யாரும் கூப்பிடவில்லை.

"சார், அங்க வெட்டாதீங்க. இங்க வெட்டுங்க." பட்டத்தைப் புரட்டி, மூன்றாவது விலாக் குழாய் முன் விளிம்புக் குழாயோடு சேரும் இடத்தைத் தொட்டார். இருப்பதிலேயே அதிக இழுப்பு விழுகிற இடம் அது.

"ஏன்?"

அங்கே தையல் மேல் ஒட்டியிருந்த பசை டேப்பின் நுனியை அவர் நகத்தால் நெம்பி உரித்தார். அடியில் தையல் மஞ்சளாக இருந்தது.

"எங்க வூட்ல எது மொதமொதல்ல தைச்சாலும் கடைசி ஒரு சாண் மஞ்ச நூலுலதான் முடிப்போம் சார். பஞ்சு நூலுல மஞ்சத்தூளு தடவி. நல்லா வெளங்கணும்னு. எங்கம்மாவும் அப்டித்தான். இதுக்கும் போட்டேன். வெள்ளக்காரரு கண்ணுக்கு அசிங்கமா தெரியப் போவுதேன்னு மேல டேப்பு ஒட்டினேன்."

"நூல் நம்பர் போட்டுக் கொடுத்திருந்தானேம்மா."

"குடுத்தாரு. ஒரு சாண்தானே, நல்லதுக்குத்தானேன்னு நெனச்சிட்டேன். இது இழுக்கும்னுதான் சார் சொன்னாங்க. தூக்கும்னு யாரும் சொல்லல."

நான் எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன். பிறகு சொன்னதை இன்று எழுதவே வெட்கமாக இருக்கிறது. "நான் ஒண்ணும் பார்க்கலை. எடுத்துண்டு போ. அந்த ஒரு சாணைப் பிரிச்சுட்டு அவன் கொடுத்த நூல்ல தைச்சுக் கொண்டா. நாளைக்குச் சோதிக்கிறேன். உனக்கு எட்டு மெஷின் காத்திண்டிருக்கு, தெரியுமோல்லியோ?"

"தெரியும் சார்." உரித்த டேப்பைச் சுருட்டி மேஜை மேல் வைத்தார். "பிரிச்சுத் தைக்க அர மணி நேரம் ஆவும். ஆனா நேத்து அந்தாளு தொங்கினது இதுலதான். எம்மாந் தாங்கும்னு தெரியாம நான் இன்னொண்ணு தைக்க மாட்டேன். வெட்டுங்க."

எனக்குக் கை வரவில்லை. அவரே கத்திரிக்கோலை வாங்கி வெட்டினார். தான் தைத்ததை வெட்டும்போதும் நூல் பிடித்தாற்போல் நேராக வெட்டினார்.

நான் குறித்து வைத்த மூன்று இடங்களையும் வெட்டியெடுத்து, அவற்றை முதலில் இழுத்தேன். அறுபத்தொன்று, அறுபத்து மூன்று, அறுபத்திரண்டு கிலோ. மாதிரிப் பட்டத்தின் தையல் ஐம்பத்து நான்கில் விட்டது என்பதையும் சொல்ல வேண்டும். பிறகு மஞ்சள் தையலை மாட்டினேன். முள் ஏற ஆரம்பித்ததும் அவர் மெஷினுக்குப் பக்கத்தில் குனிந்துகொண்டார். பதினெட்டில் 'பட்'டென்று விட்டது. அக்கம்பக்கத்துத் தையல்கள் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கியதால்தான் லூக் சிரித்துக்கொண்டே இறங்கியிருக்கிறான். இன்னும் நாலு குதி குதித்திருந்தால் எப்படி இறங்கியிருப்பானோ தெரியாது.

"பதினெட்டு" என்றார் தேவானை, தனக்குத்தானே. அளவு டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "வரேன் சார்" என்று கிளம்பினார். ஷெட் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சனிக்கிழமை லூக் வந்தான். ரிப்போர்ட்டை நீட்டினேன். 'தேறவில்லை' என்று கொட்டை எழுத்தில் முதல் வரி. காரணம், மஞ்சள் நூல், பதினெட்டு கிலோ, எல்லாம் எழுதியிருந்தேன். எங்கே வெட்ட வேண்டும் என்று காட்டியது யார் என்பதையும் எழுதியிருந்தேன். கடைசியில் சோதனை அதிகாரியின் பரிந்துரை என்று ஒரு கட்டம் உண்டு. அதை எப்போதும் காலியாகத்தான் விடுவேன். அதில் இரண்டு வரி எழுதியிருந்தேன்: 'இவர் தைக்கும் அடுத்த பட்டத்தையும் வெட்டிப் பார்க்க வேண்டும். எங்கே வெட்டுவது என்று இவரையே கேட்கவும்.'

லூக் அந்தக் கட்டத்தை இரண்டு முறை படித்தான். வெளியே போய்த் தன் ஜீப்பிலிருந்து மீதித் துணிச் சுருளைத் தூக்கிக்கொண்டு வந்து என் மேஜை மேல் வைத்தான்.

"இதை அவரிடம் சேர்த்துவிட முடியுமா?"

நான் சேர்க்கவில்லை. அவனையே பெருங்குடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.