இழுத்துப் பிடித்த அளவு

“அம்மா, தம்பிக்குத் தலை மட்டும் ஏன் பெரிசாகுது?”

மூத்த மகள் கேட்டது ஒரே ஒரு தடவைதான். தையல் மிஷினில் இருந்த தாய் திரும்பிப் பார்த்து, “வாயை மூடிட்டுப் படி” என்றாள். அந்தச் சூட்டுக்குப் பயந்து மகள் அப்புறம் கேட்கவேயில்லை.

ஏழாம் மாதத்திலேயே அவசரப்பட்டு வந்துவிட்ட பிள்ளை அவன். பிறந்த சில நாளில் மூளைக்குள் இரத்தம் கசிந்திருப்பதை ஸ்கேனில் கண்டுபிடித்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து பிழைத்து அவன் வீட்டுக்குக் கிளம்பியபோது டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னார்: “கசிஞ்ச ரத்தம் மூளையில நீர் போற வழியை அடைச்சிடலாம். வாரா வாரம் தலையைச் சுத்தி அளந்து பாருங்க. வேகமா ஏறினா உடனே தூக்கிட்டு வந்துடுங்க.”

அளப்பதற்கு அவளைவிட ஆள் உண்டா? தெருவில் பாதிப் பேருடைய இடுப்பளவு அவளுக்கு மனப்பாடம். பருத்த வாடிக்கைக்காரிகளின் மனம் நோகாதபடி டேப்பை ஓர் இழுப்பு இழுத்து அளவு சொல்லிவிட்டு, வெட்டும்போது கூட்டி வெட்டிக்கொள்வாள். அப்படிப் பழகிய கை, மகன் தலையிலும் அதே இழுப்பை இழுத்தது. பொய் என்று அவள் நினைக்கவில்லை. கடவுளே, போன வாரத்து அளவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே இழுத்தாள். அளவும் அப்படியே இருந்தது.

வீட்டுக்காரர் லாரி ஓட்டப் போனால் வாரக்கணக்கில் திரும்பமாட்டார். அவருடைய அக்கா பஸ் கண்டக்டர். டியூட்டி முடிந்து ஒரு மாலை வந்தவள், “எங்க என் அரை டிக்கெட்?” என்று நேரே தொட்டிலுக்குப் போனாள். போன மாதம் தாய் தைத்திருந்த தொப்பியை எடுத்து அவன் தலையில் மாட்டப் பார்த்தாள். காதுவரைகூட இறங்கவில்லை.

“என்ன டெய்லரம்மா, சொந்தப் பிள்ளைக்கே துணியில கை வச்சிட்டியா?”

சிரித்தவள் குனிந்து பார்த்தாள். சிரிப்பு நின்றது. குழந்தையின் கருவிழிகள் கீழிமைக்குள் பாதி அமிழ்ந்து கிடந்தன. உச்சிக்குழி குழியாக இல்லை, விம்மி நின்றது.

“அளந்தியா?”

“அளந்தேன் அண்ணி. அப்படியேதான் இருக்கு.”

“டேப்பைக் குடு.”

அண்ணி இழுக்காமல் தளர்வாகச் சுற்றினாள். டேப்பில் வந்த எண், தாய் வாரா வாரம் கண்ட அளவைத் தாண்டி எங்கோ நின்றது. தாய் அப்படியே தரையில் உட்காரப் போனாள்.

“உட்காராத. செருப்பைப் போடு.”

“இவ்வளவு நாள் என்ன பண்ணீங்க?” என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கத்தினார். அண்ணி முந்திக்கொண்டாள். “நான்தான் டாக்டர், பொறுத்துப் பார்ப்போம்னு தடுத்துட்டேன்.”

ஆபரேஷன் அறை வாசலில் தாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினாள்.

“சும்மா இரு. என் தம்பி கோவம் எனக்குப் புதுசா? பால் குடுக்கிறவ நீ. நீ உடைஞ்சு போனா இவன் யார்கிட்ட போவான்?”

தேங்கிய நீர் வடியத் தலையிலிருந்து வயிற்றுக்கு ஒரு குழாய் வைத்தார்கள். உயிர் தங்கியது. ஓடிவந்த லாரிக்காரர் விஷயம் கேட்டு, “இனிமே என் வாசப்படி மிதிக்காத” என்று அக்காவிடம் சொன்னார். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள். தாய் வாயைத் திறக்கவில்லை.

மகனுக்கு மூன்று வயதானது. உட்கார வைத்தால் சாய்ந்தான். நிறுத்தினால் கால்கள் கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொண்டன. பேச்சென்று ‘ம்மா’ ஒன்றுதான்.

“முன்னாடியே கொண்டுவந்திருந்தா நடந்திருப்பானா?” என்று அவனுக்குக் கை கால் பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் தாய் கேட்டாள்.

“ரத்தம் செஞ்சது எவ்வளவு, தேங்கின நீர் செஞ்சது எவ்வளவுன்னு யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாதும்மா.”

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அன்று முதல் எந்தப் பிரார்த்தனையும் முழுதாக முடியவில்லை. ‘மன்னித்துவிடு’ என்று தொடங்கினாலே அண்ணி படியிறங்கிப் போவது கண்ணில் வந்து நிற்கும்.

ஒரு மதியம், மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். லாரிக்காரர் தரையில் அமர்ந்து மகனின் குதிகாலை நீவிக்கொண்டிருந்தார். பிள்ளை வலியில் வீறிட்டான்.

“எல்லாம் அவளால வந்தது” என்றார், வழக்கம்போல.

மிஷின் நின்றது.

“அண்ணி ஒண்ணுமே சொல்லலீங்க. நான்தான் பயந்துபோய் டேப்பை இழுத்துப் பிடிச்சேன். வாரா வாரம்.”

எல்லாவற்றையும் சொன்னாள். அடிப்பார், இல்லை வீட்டை விட்டுப் போகச் சொல்வார் என்று காத்திருந்தாள். அவர் கை குதிகாலிலேயே இருந்தது. பிறகு பிள்ளையை அவள் மடியில் கிடத்திவிட்டு எழுந்தார். அவள் முகத்தைப் பார்க்காமலே வெளியே போனார்.

இனித் திரும்பமாட்டார் என்றுதான் நினைத்தாள். பிள்ளையின் கால் மறுபடி விறைத்தது. கற்றுக்கொடுத்தபடி மெல்ல மெல்ல நீவினாள்.

வெளியே நின்ற லாரிப் பக்கமிருந்து அவர் குரல் கேட்டது. போனில்.

“அக்கா... நான்தான். சாப்பிட்டியா?”

அவள் வாசலுக்குப் போகவில்லை. மடியில் இருந்தவனின் அடுத்த காலை எடுத்து நீவத் தொடங்கினாள்.