இருட்டாக இருக்க வேண்டிய குழாய்

எங்கள் லேபில் ஒரே ஒரு கண்ணாடிக் குழாய் இருட்டாக இருக்க வேண்டும். அதுதான் இருக்க மாட்டேன் என்று அடம் பிடித்தது.

ரத்தத்தில் இருக்க வேண்டிய ஒரு புரதம் சிறுநீரில் கசிந்தால் சிறுநீரகம் பழுதாகிறது என்று அர்த்தம். அந்தப் புரதத்தைக் காட்டிக்கொடுக்க நான் ஒரு சாயம் செய்திருந்தேன். அதன் மூலக்கூறு தனியாக மிதந்தால் கைகாலை உதறிக்கொண்டு, வாங்கிய ஒளியை வீணாக்கிவிடும். புரதத்தைக் கண்டால் பல மூலக்கூறுகள் அதன் மடிப்புகளுக்குள் நெருக்கியடித்து உட்காரும். அசைய இடமில்லாமல் பச்சையாக ஒளிரும். "எங்க சாயம் கூட்டுக்குடும்பம் மாதிரி. தனியா இருந்தா வெளிச்சம் வராது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பேராசிரியர் சொல்வார். சொல்லிவிட்டு, நாற்பது வயதில் தனியாக இருக்கிற என்னைப் பார்ப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மருத்துவமனையிலிருந்து வந்த நோயாளிகளின் சிறுநீர் மாதிரிகள் ஒழுங்காக ஒளிர்ந்தன. ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமான ஒருவருடையது வேண்டும். அது இருட்டாக இருந்தால்தான் சாயம் பொய் சொல்லவில்லை என்று ஆகும். மற்ற லேபுகளில் நண்பர்களிடம் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். நான் யாரிடம் போய் டப்பாவை நீட்டுவது? காலை வணக்கத்தோடு பேச்சு தீர்ந்துபோகிற ஆள் நான். அதனால் என்னுடையதையே வைத்தேன்.

அது ஒளிர்ந்தது.

புரதம் இல்லாமலே சாயம் திரண்டுகொள்கிறது என்று நினைத்து மறுபடி செய்தேன். மறுபடியும் ஒளிர்ந்தது. தண்ணீரைச் சந்தேகப்பட்டேன். குழாய் கழுவுகிற அம்மாவோடு சண்டைகூடப் போட்டேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான். இதற்கு நடுவில் புதுச் செருப்பு வேறு சாயங்காலமானால் பாதத்தை இறுக்கியது. கடைக்காரனை மனசாரத் திட்டிவிட்டு ஒரு அளவு பெரியதாக வாங்கினேன்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகலைன்னா இந்தச் சாயத்தை விட்டுடலாம்மா" என்றார் பேராசிரியர்.

என் முப்பதுகளை முழுசாகத் தின்ற சாயம் அது. அதையும் எடுத்துவிட்டால் காலையில் எழுந்திருக்க எனக்கு ஒரு காரணமும் மிஞ்சாது. வெட்கத்தை விட்டுப் பக்கத்து மேசைக்காரரிடம் போய் நின்றேன். ஓயாமல் பேசுவதால் அவருக்கு ரேடியோ என்று பெயர்.

"இதுக்கா இத்தனை தயக்கம்? ஒரு வாளியே தரேன் மேடம்!"

வெள்ளிக்கிழமை காலை, அவருடையதிலும் என்னுடையதிலும் ஒரே சாயத்தை விட்டு புற ஊதா விளக்கைப் போட்டேன். அவருடையது கரி இருட்டு. பக்கத்தில் என்னுடையது பச்சைப்பசேலென்று ஒளிர்ந்தது.

முதலில் வந்தது சந்தோஷம்தான். சாயம் ஒரு நாளும் பொய் சொல்லவில்லை! அதற்கப்புறம்தான் அந்தப் பச்சை என்னுடையது என்று உறைத்தது. மருத்துவமனைகளில் பயன்படுத்துகிற புரதச் சோதனைப் பட்டையை என் மாதிரியில் நனைத்தேன். அதுவும் நிறம் மாறியது. அந்தப் பட்டைகள் என் இழுப்பறையிலேயேதான் கிடந்தன. எனக்கே அவை தேவைப்படும் என்று தோன்றியதே இல்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது. குனிந்து கணுக்காலை விரலால் அழுத்தினேன். குழி விழுந்து அப்படியே நின்றது. செருப்புக் கடைக்காரன் மேல் தப்பில்லை; என் கால்தான் வீங்கியிருந்தது.

பேராசிரியர் வந்து விளக்கடியில் குனிந்தார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

"பிரமாதம்மா! இந்த இருட்டு யாரோடது?"

"ரேடியோ சாரோடது."

"இந்தப் பச்சை?"

"ஒரு நோயாளியோடது சார்."

"அவங்களுக்குச் சொல்லியாச்சா? சீக்கிரம் டாக்டர்கிட்ட காட்டணும். தனியா அனுப்பாதீங்க. வீட்ல யாரையாவது கூடப் போகச் சொல்லுங்க."

"சொல்றேன் சார்."

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் சிரித்தேன். பிறகு வெளியே வந்து, தூரத்து ஊரில் இருக்கிற அக்காவுக்கு ஃபோன் செய்தேன். எனக்கென்று மிச்சமிருப்பவள் அவள் ஒருத்திதான்.

"என்னடி, அதிசயமா பகல்ல கூப்பிடுற? நல்ல சேதியா?"

"ஆமாக்கா. சாயம் வேலை செய்யுது."

"அப்பாடா! எனக்கு அப்பவே தெரியும். சரி, கையில வேலை கிடக்கு, சாயங்காலம் பேசறேன். வைக்கட்டுமா?"

மற்ற நாளாக இருந்தால் அவளுக்கு முன்னால் நான் வைத்திருப்பேன்.

"வைக்காதேக்கா" என்றேன். "கொஞ்ச நேரம் இரு."