பூஜைக்கு வைத்த கொசுக்கள்

டாக்டர் அனுபமாவுக்குக் காய்ச்சலுக்கு ஒரு மாத்திரை சொல்லத் தெரியாது என்பதில் ஸ்ரீரங்கம் கீழச் சித்திரை வீதிக்கே மனக்குறைதான். அவள் கொசு டாக்டர். யானைக்கால் நோயைப் பரப்பும் கொசுவை, திருச்சியில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் இருபது வருஷத்துக்கும் மேலாகக் கூண்டில் வளர்க்கிறாள். அவை கடித்துக் குடிக்க ஒரு கோழியையும் வைத்திருக்கிறாள் என்று ஒரு பேச்சு. உண்மைதான்.

"ஏண்டி, லோகமே கொசுவை அடிக்கறது, நீ சீராட்டி வளக்கறியாமே? அதுக்குச் சம்பளம் வேற தராளாமே," என்பாள் எதிர்வீட்டு ரெங்கநாயகி மாமி.

அனுபமா பொறுமையாக விளக்குவாள். கொசு மருந்து வாடையே படாமல் தலைமுறை தலைமுறையாக வளர்ந்த கொசு அது. சாக்கடைக் கொசுவிடம் எந்த மருந்து பலிக்கவில்லை என்று பார்க்க, ஒப்பிட இப்படி ஒன்று வேண்டும்.

"அதாவது, தீட்டுப் படாம மடியா வச்சிருக்கே," என்று மாமி முடித்துவைத்தாள்.

இந்த வருஷம் தில்லியிலிருந்து குழு வருகிறது. அவர்கள் தலையசைத்தால் ஆராய்ச்சி தொடரும். இல்லாவிட்டால் அந்த அறையில் உடைந்த நாற்காலிகளைப் போடுவார்கள். இந்த நேரம் பார்த்துக் கொசுக்கள் முட்டையிடுவதைக் குறைத்துவிட்டன. அனுபமா தண்ணீரை மாற்றினாள், விளக்கை மாற்றினாள், கோழியையும் மாற்றினாள். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துப் புருஷனோடு ஏதோ தகராறு என்று வீதி முடிவு கட்டியது.

ஆயுத பூஜையன்று உதவியாளர் பொன்னுத்தாய் வந்து நின்றாள்.

"மைக்ராஸ்கோப்புக்கெல்லாம் பொட்டு வெச்சாச்சும்மா. இந்த ரூமு மட்டும் வருஷா வருஷம் மூளியா கெடக்கு. அதான் இப்படி ஆகுதோ என்னமோ."

வேறு வருஷமாக இருந்தால் அனுபமா கதவைக் காட்டியிருப்பாள்.

"சாம்பிராணி கூடாது, ஊதுபத்தி கூடாது, கற்பூரம் கூடாது. பூ மட்டும்," என்றாள். புகை ஆகாது என்று தெரிந்த விஞ்ஞானியாயிற்றே.

பொன்னுத்தாய் கூண்டைச் சுற்றிச் செவ்வந்திச் சரம் கட்டினாள். கொசுப்புழு வளரும் தட்டு ஒவ்வொன்றிலும் ஒரு பூவை மிதக்கவிட்டாள். அனுபமா கண்ணை மூடிக் கும்பிட்டதை ஆராய்ச்சி மாணவன் ஜெய்சங்கர் பார்த்துவிட்டு, பார்க்காதவன்போலத் திரும்பிக்கொண்டான். பூஜையில் வைத்ததை மறுநாள்வரை தொடக்கூடாது. பூட்டிவிட்டுப் போனார்கள்.

விஜயதசமி காலையில் கூண்டின் அடியெல்லாம் எள்ளைக் கொட்டியதுபோல் கொசுக்கள் செத்துக் கிடந்தன. தட்டுகளில் ஒரு புழுகூட நெளியவில்லை. அனுபமா ஒரு பூவை எடுத்து மோந்து பார்த்தாள். பூச்சி அரிக்காமலிருக்கத் தோட்டத்தில் அடித்த மருந்து அதில் அப்படியே இருந்தது. சாக்கடைக் கொசுவாக இருந்தால் அந்தச் சரத்திலேயே உட்கார்ந்து இளைப்பாறியிருக்கும்.

மருந்து படாத கொசு கிடைக்குமா என்று தெரிந்த ஆராய்ச்சிக்கூடத்துக்கெல்லாம் போன் போட்டாள். "எங்களுது போன வருஷமே போயிடுச்சு மேடம், உங்ககிட்டதான் கேக்கலாம்னு இருந்தோம்," என்றார் ஒருவர்.

"அம்மா, இங்க வாங்க," என்றாள் பொன்னுத்தாய். கூண்டின் மேல்மூலை வலையில் சில கொசுக்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. "உசுரோட இருக்குங்கம்மா. சாமி கைவிடல."

ஜெய்சங்கர் குரலைத் தாழ்த்தினான். "இத வெச்சே பெருக்கிடலாம் மேடம். கமிட்டிக்குக் கூண்டு நெறஞ்சிருந்தாப் போதும். பாத்தா ஒரே மாதிரிதானே இருக்கும்."

ஒரே மாதிரிதான் இருக்கும். குழுவுக்குத் தெரியாது, எல்லாம் தெரிந்த மாமிக்கே தெரியாது. ஆனால் மருந்தைத் தாங்கிப் பிழைத்ததை வைத்து ஒப்பிட்டால், சாக்கடைக் கொசு சாதுவாகத்தான் தெரியும். மருந்தெல்லாம் நன்றாக வேலை செய்கிறது என்று அவளே கையெழுத்துப் போடுவாள். ஊர் அந்தப் பலிக்காத மருந்தையே அடிக்கும். வீங்குகிற கால்கள் வீங்கிக்கொண்டிருக்கும்.

அனுபமா கூண்டைத் தூக்கிக்கொண்டு ஃப்ரீசரிடம் போனாள். பொன்னுத்தாய் முன்னால் வந்து நின்றாள்.

"பொழச்சதப் போயி கொல்றீங்களேம்மா."

"தள்ளுங்க, பொன்னுத்தாய்."

"பூ வெச்சது நாந்தானே. எனக்காகவாவது விடுங்க."

"வெக்கச் சொன்னது நான்."

பொன்னுத்தாய் விலகினாள். கூண்டை உள்ளே வைத்து மூடிய பிறகும் அனுபமா கதவிலிருந்து கையை எடுக்கவில்லை. ஜெய்சங்கர் தில்லி எண்ணைத் தேடி எடுத்து, போனை நீட்டினான்.

"என்னன்னு சொல்லப் போறீங்க மேடம்?"

அனுபமா போனை வாங்கிக் காதில் வைத்தாள்.