மன்னித்து அனுப்புதல்

தண்ணீர் வண்டிக் கழுதை வாசலில் வந்து நின்றதும் விடுதிப் பெண்கள் வாளியோடு ஓடினார்கள். தஸாபீஹ் இரண்டாவது வாளியை நிரப்பிக்கொண்டிருக்கையில் அறைத்தோழி ரவ்தா பின்னால் வந்து நின்றாள்.

"என்னை மன்னிச்சிடுடீ."

"நீயுமா? எந்தப் பக்கம், எகிப்தா, துறைமுகப் பட்டணமா?"

"வீட்டுக்கு."

"என் சிவப்புத் தோப் சேலையச் சுருட்டிட்டுப் போகப் பாக்குறியா? அதக் குடு, அப்புறம் மன்னிக்கிறேன்."

"துவைச்சு மடிச்சு உன் கட்டில்ல வச்சிருக்கேன்."

"அடேயப்பா! அப்ப மன்னிச்சேன், போ மகராசி."

ஒம்துர்மானில் பயணம் கிளம்புகிறவர்கள் எல்லாரிடமும் இப்படி மன்னிப்புக் கேட்பது வழக்கம்தான். போர் வந்து பல்கலைக்கழகம் மூடிய பிறகு வாரம் ஒருத்தியாவது இந்த வாளிகளுக்கு நடுவே நின்று கேட்டுவிட்டுப் போனாள். இப்போதெல்லாம் யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

அடுப்படியிலிருந்து சமையல்கார சகீனா அம்மா குரல் கொடுத்தாள். "எங்கிட்டயும் கேட்டுட்டா! என் களியச் சுவத்துல பூசலாம்னு சொன்னாளே, அதையும் மன்னிச்சிட்டேன்!"

எல்லாரும் சிரித்தார்கள்.

மூட்டை கட்ட ஒத்தாசை செய்யலாம் என்றுதான் தஸாபீஹ் வாளியோடு மாடியேறினாள். கட்டிலில் சேலை இருந்தது. அதன் மேல் ரவ்தாவின் மருந்தியல் புத்தகங்கள், வெள்ளைக் கோட்டு, கைபேசி. அவளுடைய பயணப்பை அலமாரிக்கு மேலே தூசி படிந்தபடி அப்படியே கிடந்தது.

ரவ்தாவின் வீடு தூரத்து ஃபாஷர் நகரில். படைகள் முற்றுகையிட்டதிலிருந்து அந்த ஊருக்கு வண்டி கிடையாது. அந்தத் தெருவில் இப்போது வீடும் கிடையாது. கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லாமல் அவள் அதைச் சொன்னது இதே அறையில்தான்.

வாளி கவிழ்ந்தது. சேலையை வாரிக்கொண்டு ஓடினாள்.

ரவ்தா கொல்லை வேம்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"திருப்பி வாங்கிக்கிறேன்."

"எத?"

"மன்னிச்சேன்னு சொன்னத. மன்னிக்கல."

"சொன்னது சொன்னதுதான்டீ."

"சகீனா அம்மாவும் வாங்கிக்குவாங்க. வாளி பிடிச்ச அத்தனை பேரையும் இழுத்துட்டு வந்து சொல்ல வைப்பேன், பாக்குறியா?"

ரவ்தாவின் உதடு ஒரு பக்கமாக அசைந்தது. அதைச் சிரிப்பு என்று சொல்ல முடியாது.

"இருந்து என்னடீ பண்ண?"

தஸாபீஹ் பதில் தேடினாள். பரீட்சை, வகுப்பு, ஊர். எதைத் தொட்டாலும் கையோடு உதிர்ந்தது.

"எனக்கும் தெரியல," என்றாள்.

தூரத்தில் குண்டு விழுந்தது. காக்கைகள் எழுந்து, ஒரு வட்டம் அடித்து, அதே கிளையில் வந்து உட்கார்ந்தன. தஸாபீஹ் நெருங்கி அமர்ந்து, சேலையின் ஒரு தலைப்பைத் தன் தோளில் போட்டாள். மறு தலைப்பை ரவ்தாவின் தோளில் போட்டாள். ரவ்தா அதைப் பிடிக்கவில்லை, தள்ளவுமில்லை. காற்றில் அது நழுவியது. தஸாபீஹ் இழுத்துப் போட்டாள். மறுபடி நழுவியது.