துணி செக்‌ஷன்

அம்மா இறந்து ஆறு மணி நேரமும் இருபது நிமிடமும் ஆகியிருந்தபோது, லீலா அவளுடைய ஏப்ரன்களை அரிசி டின்னுக்குப் பின்னால் திணித்துக்கொண்டிருந்தாள். மூன்று ஏப்ரன்கள், மூன்றும் நீல நிறம். மார்புப் பக்கம் கடையின் பெயர் இருந்தது. அதன் கீழே சிவப்பு நூலில் ஆங்கிலத்தில் ‘லேடீஸ் ரூம்’ என்று தைத்திருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் அம்மாவுக்கு உடுத்தச் சேலை தேடி எந்த நிமிடமும் மாடிக்கு வந்து அலமாரியைத் திறக்கலாம்.

“எடுத்து வச்சிட்டியா?” தங்கராஜு மாமா படியில் நின்றபடி கேட்டார்.

“வச்சிட்டேன் மாமா.”

“யாரு கண்ணுலயும் படாதுல்ல?”

“படாது.”

அவர் தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனார். அம்மாவுக்கு அவர் ஒரே தம்பி. சிங்கப்பூர் துறைமுகத்தில் கிராணி, கணக்கு எழுதும் வேலை. ராஃபிள்ஸ் பிளேஸில் உள்ள பெரிய கடையில் அக்கா ‘துணி செக்‌ஷனில்’ வேலை செய்கிறாள் என்று எட்டு வருடங்களுக்கு முன் ஓவன் ரோட்டில் முதலில் சொன்னவர் அவர்தான். பிறகு எல்லோரும் அதையே சொன்னார்கள். அம்மா மறுக்கவில்லை. லீலாவும் மறுக்கவில்லை. யாராவது துணியில் தள்ளுபடி கிடைக்குமா என்று கேட்டால், “ஸ்டாஃபுக்கு மட்டும்தான்” என்று அம்மா சொல்லிவிடுவாள்.

வீட்டுக்குள் கதவைச் சாத்திய பிறகு அம்மா அந்தக் கழிப்பறை வேலையைப் பற்றிச் சிரித்துச் சிரித்துப் பேசுவாள்.

“இன்னிக்கு ஒரு தொரசாணி வந்தா. உள்ள போனா, கதவ சாத்தினா, சத்தமே இல்ல. பத்து நிமிஷம். நான் இங்க மூச்ச புடிச்சிட்டு நிக்கிறேன், அவ அங்க மூச்ச புடிச்சிட்டு நிக்கிறா. கடைசில ஒண்ணும் போகாமலே வந்து கைய மட்டும் கழுவிட்டுப் போறா.”

“நீங்க வெளிய போயிருக்கலாம்லம்மா.”

“போகக் கூடாது. அங்க நிக்கத்தான எனக்குச் சம்பளம்.”

சிலர் இருமுவார்கள், சிலர் பாட்டை முணுமுணுப்பார்கள். சிலர் அவள் இருப்பதைப் பார்த்ததும் கூந்தலைச் சரிசெய்ய வந்ததுபோல் கண்ணாடி முன் நின்றுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். லீலா வேதியியல் படித்தவள். அம்மா சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் அவள் மனம் அவர்களைத் தானாகவே வகை பிரித்துக்கொண்டிருக்கும். அம்மா வகை பிரிக்கவில்லை. “எல்லாருக்கும் ஒரே அவஸ்ததான். அவங்களுக்கு நான் இருக்கிற அவஸ்த. எனக்கு அவங்களுக்கு அவஸ்தயா இருக்கேங்கிற அவஸ்த” என்பாள்.

லீலா பெண்கள் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்ததும், வேலையை விட்டுவிடும்படி சொன்னாள். அம்மா கேட்கவில்லை. “அங்க ஏர்கான் இருக்கு. இங்க என்ன இருக்கு?”

இன்று காலை ஆறு மணிக்கு முன்பே எழுந்து, வேலைக்குப் போக அடுப்பைப் பற்றவைத்தவள், மார்பைப் பிடித்தபடி சுவரோரம் உட்கார்ந்தாள். டாக்டர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கீழ்வீட்டுக்காரர் தம் கூடத்தை ஒழித்துக் கொடுத்திருந்தார். அம்மாவை அங்கே கிடத்தியிருந்தார்கள். நாலு மணிக்கு மவுண்ட் வெர்னன் சுடுகாட்டுக்கு எடுப்பதாக மாமா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு மணிக்கு மைமூன் வந்தாள். கடையில் அம்மாவோடு முறை மாற்றி அதே வேலை பார்ப்பவள். தலையில் முக்காடு, கையில் ஒரு பொட்டலம் சர்க்கரை. மாமா வாசலிலேயே அவளை மறித்துக்கொண்டார்.

“வாங்க. நீங்க அக்காகூட துணி செக்‌ஷன்லதான?” சத்தமாகக் கேட்டார்.

மைமூன் அவரைப் பார்த்தாள். பிறகு லீலாவைப் பார்த்தாள். “ஆமாண்ணே” என்றாள்.

கால்மாட்டில் உட்கார்ந்திருந்த ஒருத்தி அழுகையை நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அங்க புது ஜார்ஜெட் வந்திருக்காமேம்மா?”

“ஜார்ஜெட்டா?” மைமூன் கொஞ்சம் யோசித்தாள். “அது முடிஞ்சி போச்சு.”

அம்மாவின் தலைமாட்டில் சிறிது நேரம் நின்றுவிட்டு, லீலாவின் பின்னால் சமையலறைக்கு வந்தாள்.

“உன் மாமா சாவு வீட்டுல என்னைய பொய் சொல்ல வச்சிட்டாரு.”

“மன்னிச்சிக்கங்கக்கா.”

“எனக்கென்ன, சொல்லிட்டுப் போறேன்.” முக்காட்டு நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “எட்டு வருஷம் ஒரே ஸ்டூல்ல மாத்தி மாத்தி உக்காந்தோம். இங்க ஆளுங்க பேசுறதக் கேட்டா யாரு செத்துட்டாங்கன்னே எனக்குத் தெரியல.”

லீலா அவள் கொடுத்த சர்க்கரைப் பொட்டலத்தை எங்கே வைப்பது என்று பார்த்தாள். பிறகு கையிலேயே வைத்துக்கொண்டாள்.

இரண்டு மணிக்குச் சரோஜினி வந்தாள். பல்கலைக்கழகத்தில் லீலாவோடு நான்கு வருடங்கள் ஒரே பெஞ்சில் இருந்தவள். யாழ்ப்பாணத்துக் குடும்பம், சிங்கப்பூரிலேயே பிறந்தவள். இந்த வீட்டுக்கு அவளை லீலா ஒருநாளும் அழைத்ததில்லை. பள்ளிக்குத் தொலைபேசி செய்தபோது விஷயம் தெரிந்து, விலாசம் வாங்கிக்கொண்டு வந்திருந்தாள்.

குனிந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தவள் உடனே நிமிரவில்லை.

“அம்மாவை எங்கேயோ கண்ட மாதிரி கிடக்கு, லீலா.”

லீலா பதில் சொல்லும் முன் மாமா முந்திக்கொண்டார். “கடையில பாத்திருப்பீங்க. துணி செக்‌ஷன்.”

“நான் அங்க துணி வாங்கினதே இல்லை, அங்கிள்.”

“பெரிய கடைலா. போறப்ப வர்றப்ப கண்ணுல பட்டிருக்கும்.”

சரோஜினி மேலும் கேட்கவில்லை. பெண்களோடு பாயில் உட்கார்ந்தாள். அரை மணி நேரம் கழித்து லீலாவின் காதருகே குனிந்தாள். “சொல்ல வெக்கமாக் கிடக்கு. ஒருக்கா பாத்ரூம் போகவேணும்.”

கக்கூஸ் பின்கட்டில் இருந்தது. நாலு குடும்பத்துக்கும் சேர்த்து அது ஒன்றுதான். தகரக் கதவு, தாழ்ப்பாள் கிடையாது. கதவிலிருந்து ஏழெட்டடி தூரத்தில் பெஞ்சு போட்டு, பாடை கட்ட வந்த ஆண்கள் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். சரோஜினி நின்றுவிட்டாள்.

“பரவாயில்லை. வீட்ட போய்…”

“உன் வீடு கத்தோங்ல, அவ்வளவு தூரத்துல இருக்கு. நீ உள்ள போ. நான் நிக்கிறேன்.”

அவள் உள்ளே போனாள். லீலா கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். ஆண்கள் பேச்சை நிறுத்தி, பார்க்காதவர்கள்போல் பார்த்தார்கள். உள்ளே சத்தமே இல்லை. ஒரு நிமிடம் போயிற்று. லீலாவுக்குத் தன் கைகளை என்ன செய்வது என்று தெரியவில்லை. அம்மா ஒரு நாளில் இப்படி எத்தனை முறை நின்றிருப்பாள் என்று தோன்றியது. கைக்கெட்டும் தூரத்தில் குழாய் இருந்தது. அதை முழுவதும் திறந்தாள். தண்ணீர் வாளியில் பெரும் சத்தத்தோடு விழுந்தது. அவள் ஒரு துடைப்பத்தை எடுத்துத் தரையைத் தேய்க்க ஆரம்பித்தாள். தண்ணீர் தெறிக்கவே ஆண்கள் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள்.

சரோஜினி வெளியே வந்து கை கழுவினாள். ஈரக் கையோடு அப்படியே நின்றாள்.

“இப்பிடித்தான் அவவும் செய்தவ.”

“யாரு?”

“ஃபைனல் இயர்ல ஒரு நாள், புரொஃபசருக்குப் பிரசன்ட் வாங்கப் போனமே, அந்தக் கடையில. எனக்குச் சேலையெல்லாம் கறை பட்டுப் பழுதாப் போச்சு. லேடீஸ் ரூம்ல ஒரு தமிழ் அம்மா. ஒண்டும் கேக்கேல்ல. கொசுவத்தை மட்டும் பிடிச்சு அலசி, துவாயால ஒத்தி, ஊசி குத்தி விட்டவ. நான் உள்ளுக்க அழுதது ஒருத்தருக்கும் கேக்கப்படாதெண்டு பைப்பைத் திறந்து விட்டவ.” சரோஜினி மூச்சு விட்டாள். “பிறகு ரெண்டு தரம் போனனான், தேங்க்ஸ் சொல்ல. பேர் கேக்கக்கூட வாய் வரேல்ல. அப்பிடியான இடத்தில நிண்டு என்னத்தைக் கதைக்கிறது? உன்னட்டயும் கேட்டனான், அவவைத் தெரியுமோ எண்டு. தெரியாதெண்டாய்.”

லீலா குழாயை மூடினாள்.

அந்த நாள் அவளுக்கும் மறக்கவில்லை. சரோஜினிக்குப் பிறகு அவளும் அந்த லேடீஸ் ரூமுக்குள் போயிருந்தாள். அம்மா மற்றவர்களைப் பார்ப்பது போலவே அவளையும் பார்த்தாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். லீலா கதவைச் சாத்திக்கொண்டு, ஒன்றும் போகாமல், கண்ணை மூடியபடி நின்றாள். வெளியே வந்தபோது அம்மா இரண்டு கையாலும் துவாலையை நீட்டினாள். “தேங்க் யூ” என்றாள் லீலா. “வெல்கம், மிஸ்” என்றாள் அம்மா. அன்று சாயங்காலம் சோறு போடும்போது அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: “உன் ஃப்ரெண்டு சேலை காஞ்சுதா?” காய்ந்தது என்றாள் லீலா. இரண்டு வருடங்களில் அதற்கு மேல் அவர்கள் அதைப் பற்றிப் பேசவில்லை.

“என்ன யோசிக்கிறாய்?”

“ஒண்ணுமில்ல. வா.”

கூடத்தில் மாமா மேசையருகே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். பத்திரிகையில் நாளைக்கு வர வேண்டிய மரண அறிவித்தல். அதைக் கொண்டுபோய்க் கொடுப்பதற்கு அவருடன் வேலை செய்யும் ஒலி முகம்மது சைக்கிளோடு வாசலில் நின்றார். மூன்று மணிக்குள் கொடுத்தாக வேண்டும்.

“எல்லாரும் ஒரு தடவ கேட்டுக்கங்க” என்று மாமா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். படிக்கும்போது அவர் குரல் கிராணிக் குரலாகிவிடும். “ஓவன் ரோடு அன்னம்மாள், வயது ஐம்பத்தொன்று, இன்று காலை காலமானார். அன்னார் ராஃபிள்ஸ் பிளேஸில் உள்ள பிரபல கடையில் துணிப் பிரிவின் தலைமைப் பொறுப்பில்…”

“தலைமையா?” ஒலி முகம்மது கேட்டார். “போன வாரம் அப்படிச் சொல்லலியே.”

“இப்ப சொல்றேன்லா.”

யாரோ லேசாகச் சிரித்து அடக்கிக்கொண்டார்கள். மைமூன் தூணில் சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் முகத்தில் மஞ்சள் காய்ந்து வெளிறியிருந்தது. இந்தத் தாள் போய்விட்டால் அது அச்சாகிவிடும், அதற்குப் பிறகு அம்மா அதுவாகவே இருப்பாள் என்று லீலாவுக்குத் தோன்றியது. வகுப்பில் முப்பத்தெட்டுப் பெண்களுக்கே முதல் மாதம் முழுவதும் அவள் கரும்பலகையைப் பார்த்துத்தான் பாடம் நடத்தினாள். இங்கே அதைவிட அதிகம் பேர் இருந்தார்கள்.

“மாமா, அத மாத்துங்க.”

மாமா தலையைத் தூக்காமல், மெதுவாகச் சொன்னார். “லீலா, உள்ள போ. நாளைக்கு உனக்கு ஒரு எடம் பாக்கணும்.”

“பாருங்க. அவங்ககிட்டயும் சொல்லிட்டே பாருங்க.”

மாமாவின் பேனா தாளின் மேல் நின்றது. அவர் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு ‘துணிப் பிரிவின் தலைமைப் பொறுப்பில்’ என்ற சொற்களின் மேல் ஒரு கோடு இழுத்துவிட்டு, பேனாவை அதே வரியில் வைத்துக்கொண்டார்.

“என்னன்னு எழுத?” மாமா கேட்டார். “நீயே சொல்லு.”

லீலா முதலில் சரோஜினி பக்கம் திரும்பினாள்.

“அன்னிக்கு நீ கேட்டப்ப தெரியாதுன்னு சொன்னேன். தெரியும். அந்தக் கடை லேடீஸ் கக்கூஸ்ல எட்டு வருஷமா அட்டெண்டன்ட்டா நின்னது எங்க அம்மா.”